ஒரே கட்டளையில் ஒரு பரீட்சை

ரயில் டிக்கெட்டும் வங்கிக் கணக்கும் மின்கட்டணமும் கைப்பேசிச் செயலிகளை நம்பி நடக்கிற இக்காலத்தில், அச்செயலிகளின் ஒவ்வொரு புதிய பதிப்பும் ஜனங்களின் கைக்குப் போகுமுன் முறையாகப் பரீட்சிக்கப்பட்டதா என்பது, பணம் கொடுத்து அவற்றைச் செய்விக்கிற ஒவ்வொரு ஸ்தாபனமும் கேட்டே தீர வேண்டிய கேள்வியாகும்.

பல இடங்களில் இன்றும் செயலியை உருவாக்கிப் பரீட்சிக்கும் காரியம் ஒருவருடைய கணினியையும் ஞாபகசக்தியையும் ஆதாரமாகக் கொண்டே நடைபெறுகிறது. அவர் விடுப்பில் போனாலோ வேலையை விட்டுப் போனாலோ, அடுத்த பதிப்பை உருவாக்கும் வழி யாருக்கும் தெரிவதில்லை. இதற்குப் பரிகாரம் புதிதன்று. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' என்ற கருவி, நிரலில் மாறிய பகுதிகளை மட்டும் தானே கண்டறிந்து மறுபடி தொகுத்துத் தந்தது. அந்த மரபிலேயே ஆண்ட்ராய்டுக்குக் கிரேடிலும், ஐபோனுக்கு எக்ஸ்கோட்பில்டும் ஆகிய கருவிகள் இன்று பயன்படுகின்றன. 2014இல் ஆஸ்திரியரான ஃபெலிக்ஸ் கிராவுஸ் தொடங்கிய ஃபாஸ்ட்லேன், செயலியில் மின்கையொப்பமிடுவது முதல் ஆப் ஸ்டோரில் ஏற்றுவது வரையிலான வேலைகளையும் கட்டளைகளுக்குள் அடக்கியது.

இத்தகைய கருவிகளைக் கொண்டு, புரோகிராமர் கட்டளைகளை இடும் கருந்திரையில் ஒரு வரியைத் தட்டுகிறார். மூலநிரல் தொகுக்கப்பட்டு, கணினிக்குள் கைப்பேசியைப் போலவே இயங்கும் எமுலேட்டரில் செயலி நிறுவப்பட்டு, அதைத் தானே திறந்து, வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லை இட்டு, பிழைச்செய்தி தோன்றுகிறதா என்று யந்திரமே சரிபார்க்கிறது. எல்லாம் சரியானால் பூஜ்யம் என்ற எண்ணையும், தவறினால் வேறோர் எண்ணையும் விட்டுச் செல்கிறது. அந்த எண் பூஜ்யமாக இல்லாதபோது வெளியீட்டை நிறுத்திவிடும்படி ஏற்பாடு செய்துவிட்டால், அவசரத்துக்கும் தாட்சண்யத்துக்கும் அங்கே இடமில்லை.

சோதனைகளை எழுதக் காலமும் செலவும் ஆகும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. இணைய வேகம் குறைந்த ஒரே காரணத்தால் நல்ல செயலியும் சில வேளைகளில் தோற்கும். எழுத்து சிறிதாக இருப்பதால் முதியவர் படும் சிரமத்தை யந்திரம் அறியாது. ஆயினும் மாறாத வேலைகளை யந்திரத்திடம் ஒப்படைத்தால்தான், விவேகம் தேவைப்படும் அத்தகைய பரீட்சைகளுக்கு மனிதனுக்கு அவகாசம் கிட்டும்.

ஆகவே, செயலிக்கான ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் அவசியம் இடம்பெற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். முதலாவதாக, முந்தைய பதிப்புக்குக் கையொப்பமிட்ட அதே ரகசியச் சாவியால் கையொப்பமிடாத புதுப்பதிப்பை ஆண்ட்ராய்டு பொதுவாக ஏற்பதில்லையாகையால், அந்தச் சாவி செய்விப்பவரின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, கடைசித் தவணைப் பணம் கைமாறுமுன், முன்பின் அந்த நிரலையே காணாத கணினி ஒன்றில் மூலநிரலை இறக்கி, கட்டளையை இட்டு, செயலி முழுவதும் உருவாகிச் சோதனைகளில் தேறுவதை நேரில் காட்டும்படி செய்தல் வேண்டும்.