திசைச்சொல் அறியாத ஆலோசகர்

இரத்மலானையிலே வயல் இல்லை. ஒரு புறம் புகையிரத வேலைத்தலம். மற்றொரு புறம் விமான நிலையம். இடையே காலி வீதியும் அதன் ஓயாத இரைச்சலும். இவ்வூரிலிருந்துகொண்டு நெற்பயிரைப் பற்றி எழுதப் புகுந்த தமிழாசிரியனைக் கண்டு வாசகர்கள் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். வயல் இல்லையேயாயினும் வயலை விட்டு வந்த பிள்ளைகள் இங்கே உளர். வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, விடுதியில் தங்கிப் படிக்கின்ற அப்பிள்ளைகளின் கைத்தொலைபேசி வழியே வயலும் வரம்பும் இரத்மலானைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன.

சென்ற காலபோகத்தில், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முல்லைத்தீவுப் பக்கத்து மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, அறக்கொட்டியான் என்பதற்குச் சரியான தமிழ் என்ன?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. மேசையிலிருந்த அகராதிகளைப் புரட்டினேன், அகப்படவில்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று வினவினேன். அவன் சொன்ன கதை இது.

அவன் தந்தையாருக்கு மூன்று ஏக்கர் வயல். பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது, நடுவயலிலே வட்டம் வட்டமாக மஞ்சளித்துக் காயத் தொடங்கிற்று. "அறக்கொட்டியான் போலக் கிடக்கு, தம்பி, உந்தப் புது மெசினிட்டைக் கேட்டுச் சொல்லு" என்று தந்தையார் தொலைபேசியில் மகனுக்குச் சொன்னார். மகன் கேட்டான். புது மெசின் என்றது, செயற்கை நுண்ணறிவு என்று நாம் இப்பொழுது வழங்குகின்ற கருவியை. அக்கருவி, 'அறக்கொட்டியான்' என்பதைக் கொட்டுகின்ற ஏதோ ஒரு வண்டு என்று கருதி, அதனால் நெல்லுக்குக் கேடில்லை என்றது. பின்னர், அனுப்பிய படத்தைப் பார்த்து, இலை மஞ்சளிப்பது நைதரசன் குறைபாட்டினால் என்றும், யூரியா இடுக என்றும் விடை தந்தது. விடை அழகிய தமிழில் இருந்தது. ஒற்றுப்பிழைதானும் இல்லை.

தந்தையார் அதைக் கேட்டுச் சொன்ன சொல்லே என் உள்ளத்தைத் தைத்தது. "அது நல்ல தமிழிலை சொல்லுது. நான்தான் பிழையாய் நினைச்சிட்டன் போல." யூரியா மூட்டையை அவிழ்க்கும் நிலையில் அவர் நின்றார். மகனுக்கு மட்டும் ஓர் ஐயம். சொல்லைத் திருத்திக் கேட்டால் விடையும் திருந்துமோ என்று எண்ணி, என்னிடம் வந்திருக்கிறான்.

என்னால் இயன்றது ஒன்றுதான். அவ்விடத்து விவசாயப் போதனாசிரியரைக் கேட்கும்வரை யூரியாவைத் தொடவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். மறுநாட் காலை அவர் வயலுக்குப் போனார்; இலையைப் பார்க்கவில்லை; பயிரை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியைப் பார்த்தார். கபிலநிறத் தத்தி கூட்டங் கூட்டமாக அப்பியிருந்தது. கமக்காரர் நினைத்ததே சரி. அறக்கொட்டியான் என்பது அதற்கு அவ்வூர்ப் பெயர். யூரியா இட்டிருந்தால், தழைத்த பயிரின் சாற்றை உறிஞ்சி அந்தப் பூச்சி மேலும் பெருகியிருக்கும். நீரை மூன்று நான்கு நாள் வடித்து வைக்கவும், கண்டபடி மருந்து தெளித்துத் தத்தியை உண்ணும் சிலந்திகளைக் கொல்லாதிருக்கவும் அவர் சொன்னார். காய்ந்த வட்டங்கள் போயின. எஞ்சிய பயிர் பிழைத்தது.

இக்கதையைக் கேட்டவுடன், 'இயந்திரம் வேறு, அனுபவம் வேறு. இயந்திரத்தை எறிந்துவிடுக' என்று முடிவு கட்டுதல் எளிது. அம்முடிவு எனக்கு உடன்பாடன்று. இயந்திர அறிவு கமக்காரருக்கு உதவிய இடங்களும் உண்டு.

2016 ஆம் ஆண்டிலே, ஆந்திர மாநிலத்துக் கர்நூல் மாவட்டத்தில், தேவனகொண்டா என்னும் பகுதியில், 175 நிலக்கடலைக் கமக்காரருக்குக் கைத்தொலைபேசி வாயிலாக விதைப்பு நாள் சொல்லப்பட்டது. ஐதராபாத்தை அடுத்துள்ள இக்ரிசாற் என்னும் சர்வதேசப் பயிராராய்ச்சி நிலையமும் மைக்ரோசொவ்ற் நிறுவனமும் சேர்ந்து செய்த முயற்சி அது. அவ்விடத்தின் முப்பது ஆண்டுக் கால மழைக்கணக்கை ஆராய்ந்த இயந்திரம், ஜூன் முதற் கிழமையில் அவசரப்பட்டு விதைக்கவேண்டாம், பொறுத்திருங்கள் என்றது. பொறுத்தவர்களின் விளைச்சல் சராசரி 30 விழுக்காடு மிகுந்தது. அச்செய்தி அவர்களுக்குச் சென்றது தெலுங்கு மொழியில். 2025 இல் இந்திய விவசாய அமைச்சு, 13 மாநிலங்களில் ஏறக்குறைய 3.8 கோடி கமக்காரருக்கு, பருவமழை எப்பொழுது தொடங்கும் என்பதை இயந்திர அறிவின் துணைகொண்டு, நான்கு கிழமை வரை முன்கூட்டியே அறிவித்தது. மழையை நம்பி விதைப்பவனுக்கு இதனினும் பெரிய உதவி யாது?

நம் நாட்டிலும் அடிப்படை இல்லாமல் இல்லை. பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களம் 1912 இல் தோன்றியது. 1920 என்னும் இலக்கத்தை அழைத்து அங்கே ஆலோசனை கேட்கலாம். 2015 இல் டயலொக் நிறுவனம் அத்திணைக்களத்தோடு சேர்ந்து 'உழவர் தோழன்' என்னும் சேவையைத் தொடங்கிற்று. பயிருக்கும் அதன் பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ற குரற்செய்திகளைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிற்று. பல ஊர்களை ஒருங்கே பார்க்கவேண்டிய ஒரு போதனாசிரியர் ஒவ்வொரு வரம்பிலும் நிற்க இயலாது. ஆகவே இயந்திரத் துணை வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால், ஆளுக்கும் நிலத்துக்கும் ஏற்ற ஆலோசனை என்று சொல்லிக்கொண்டு வருகின்ற ஒன்று, அந்த ஆளின் சொல்லை அறியவேண்டாவா? இலங்கையை 46 விவசாய சூழலியற் பிரதேசங்களாக அறிஞர் வகுத்திருக்கின்றனர். சிறிய தீவு, மண்ணும் மழையும் அத்தனை வேறுபாடுடையன. அவ்வேறுபாட்டைப் பாராமல் எல்லா நிலத்துக்கும் ஒரே கட்டளை இட்டால் என்ன நேரும் என்பதை 2021 இல் கண்டோம். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது; நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது; அதற்குள் பெரும்போகம் கெட்டது. பின்னர் அரிசியை அயல்நாட்டிலிருந்து வருவித்து உண்டோம்.

மண் வேறுபடுவது போலவே சொல்லும் வேறுபடும். தொல்காப்பியனார் எச்சவியலிலே சொற்களை நால்வகையாக வகுத்தார்: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நிலங்களில் வழங்கும் சொல் திசைச்சொல். அதனைத் தள்ளாமல், தமிழ்ச் செய்யுளுக்கு உரிய சொல்லாகவே அவர் ஏற்றுக்கொண்டார் என்பது நினைக்கத்தக்கது.

இயந்திரமோ பெரும்பாலும் எழுதப்பட்டதையே படிக்கிறது. கணக்கற்ற பக்கங்களைப் படித்து, எச்சொல்லோடு எச்சொல் இயைந்து வரும் என்று கணித்து விடை சொல்கிறது. கமத்தொழில் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலன தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை. அங்கே கபிலநிறத் தத்திக்குப் 'புகையான்' என்று பெயர். நாம் எரிபந்தம் என்னும் நோயை அவர்கள் குலைநோய் என்பர். நாம் மண்ணுக்கு இடுவது பசளை. அங்கே பசளை என்றால் கறிக்கு ஆகும் கீரை. கொழும்புக் கடையிலே சம்பா என்பது ஒருவகை அரிசி. தஞ்சாவூரிலே அது பயிர்செய்யும் பருவத்துக்கும் பெயர். காலபோகம் என்றால் அங்கே விளங்குவார் அரியர். இவற்றுள் எதுவும் பிழையன்று. திசை வேறு, அவ்வளவே.

சொல் மாறினால் பொருள் மட்டுமோ மாறும்? அளவும் மாறும். யாழ்ப்பாணத்திலே நிலத்தைப் பரப்பு என்னும் அளவால் அளப்பர். தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். வயற் காணியில் 24 பரப்பு ஓர் ஏக்கர். 12 பரப்பு வயலுடையவன் ஒருவன் மருந்தின் அளவைக் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் நிலம் அரை ஏக்கர். ஒரு பரப்பு என்றால் ஏக்கரில் பதினாறில் ஒன்று என்று மட்டும் கற்ற இயந்திரம் அதனை முக்கால் ஏக்கர் என்று கொள்ளும். ஒன்றரை மடங்கு மருந்தைச் சொல்லும். அந்த நஞ்சு பயிரிலும், பின்னர்க் கிணற்றிலும், பின்னர் நம் உணவிலும் சேரும். இலக்கண வழு அன்று இது. உயிரோடு விளையாடும் வழு.

'படத்தைக் காட்டினாற் போதுமே, சொல் எதற்கு?' என்பர் சிலர். படம் இலையைக் காட்டும். அடித்தண்டை யாரும் காட்டாவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் பூச்சியைக் காட்டுமா? ஐந்து நாளாக நீர் தேங்கி நின்றதையும், சென்ற கிழமை இட்ட பசளையையும் காட்டுமா? அவற்றைக் கமக்காரன் வாய்ச்சொல்லாற்றான் சொல்லவேண்டும். 'அப்படியாயின் கமக்காரன் நூற்சொல்லைக் கற்றுக்கொள்ளட்டும்' என்பாரும் உளர். நோயாளி வைத்தியனுடைய மொழியைக் கற்ற பின்னரே வயிற்றுவலியைச் சொல்லலாம் என்பது போன்றது இது.

இனி, குற்றம் யாருடையது என்று பார்ப்போம். இயந்திரத்தை ஆக்கியவர் மீது முழுவதையும் ஏற்றிவிட்டு யான் தப்பிக்கொள்ள இயலாது. முப்பது ஆண்டுகளாக மாணவர் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். வயலிலிருந்து வந்த சொற்கள் எத்தனையோ அக்கட்டுரைகளில் வந்தன. அவற்றின் கீழே சிவப்பு மையாற் கோடிட்டு, ஓரத்திலே 'கொச்சை' என்று எழுதினேன். மாணவன் அடுத்த முறை அச்சொல்லை எழுதவில்லை. எழுதப்படாத சொல் அச்சேறவில்லை. அச்சேறாத சொல் அகராதியில் ஏறவில்லை. எங்கும் ஏறாத சொல்லை இயந்திரம் எங்ஙனம் கற்கும்? 'நல்ல தமிழிலை சொல்லுது, நான்தான் பிழை' என்று அந்தக் கமக்காரர் தம் கண்ணையே ஐயுற்றாரே, அந்த ஐயத்தை அவருக்குக் கற்பித்தவை என்னைப் போன்றாருடைய சிவப்புக் கோடுகளே.

ஆகவே செய்யத்தக்கவை சில உள. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தின் எல்லையிலும் வழங்குகின்ற பயிர்ச்சொல், பீடைப்பெயர், அளவு, பருவப்பெயர் ஆகியவற்றைத் தமிழாசிரியர்களும் போதனாசிரியர்களும் கூடித் தொகுத்தல் வேண்டும். எவ்வூர்ச் சொல், எதனைக் குறிப்பது, வேறிடத்தில் அதன் பெயர் யாது என்பனவற்றை விவசாயத் திணைக்களம் சரிபார்த்து, இயந்திரங்களை ஆக்குவோர் யாவரும் எடுத்தாளும்படி வெளியிடல் வேண்டும். இயந்திரமும் ஓர் ஒழுக்கத்தைக் கற்கவேண்டும். அறியாத சொல்லைக் கேட்டால் ஊகித்து விடை சொல்லாமல், 'எவ்வூர்? தோட்டமா, வயலா? தண்டின் அடியைப் பார்த்தீர்களா?' என்று திருப்பிக் கேட்டல் வேண்டும். அதற்கும் தெளியாவிடத்து, 'எனக்குத் தெரியாது. உங்கள் போதனாசிரியரைக் கேளுங்கள்' என்று சொல்லுதல் வேண்டும். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் ஆசிரியனையே மாணவர் நம்புவர்.

எங்கள் விடுதியிலே இப்பொழுது ஒரு கொப்பி இருக்கிறது. ஊருக்குப் போய்வருகின்ற பிள்ளைகள் தாய் தந்தையரிடம் கேட்ட சொற்களை அதில் எழுதுகின்றனர். முதற் பக்கத்து முதற் சொல் அறக்கொட்டியான். மட்டக்களப்புப் பிள்ளைகள் எழுதிய பக்கங்களே மிகுதி. சூடு அடிக்கும் களத்தில் வழங்குகின்ற சொற்கள் மட்டும் இரண்டு பக்கம் வந்திருக்கின்றன. அவற்றுட் பலவற்றை யான் இதற்குமுன் கேட்டதில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்கின்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கும் ஊரிலே வயல் செய்கின்ற ஓர் அண்ணனோ மாமனோ இருப்பர். அடுத்த முறை அவர் தொலைபேசியிற் பேசும்போது, உங்களுக்கு விளங்காத ஒரு சொல்லைச் சொன்னால், திருத்தாதீர்கள். 'அதற்கு என்ன கருத்து?' என்று கேட்டு, ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள்.