அகக்கண் கதை போதும், ஆல்ட் டெக்ஸ்ட் போடுங்கள்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் கூரத்தாழ்வானைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. காஷ்மீரில் போதாயன விருத்தி ஏடு கைவிட்டுப் போனபோது, முன்பே அதை மனப்பாடம் செய்துவைத்திருந்து ராமானுஜருக்குக் கைகொடுத்தவர். பின்னாளில் ராமானுஜருக்குப் பதிலாகச் சோழன் சபைக்குப் போய்க் கண்களை இழந்தவர். வைணவ மரபு சொல்லும் கதை இது. கேட்கிறவர்கள் உருகிப்போய், 'அகக்கண் இருந்தா போதும் சார்' என்பார்கள்.

போதாது. அவர் மனதில் இருந்த ஏடு, கண் இருந்த காலத்தில் படித்தது. அதன்பின் புதிதாக ஒன்றைப் படிக்க அவருக்கு இன்னொருவரின் குரல் வேண்டும்.

இன்று நடுவயதில் பார்வை போனவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கைபேசியில் டாக்பேக், வாய்ஸ்ஓவர் இரண்டும் 2009-இலேயே வந்துவிட்டன. கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. இன்றும் இலவசம், தமிழும் வாசிக்கும். கையில் இருப்பது நூறா ஐந்நூறா என்று சொல்ல ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி உண்டு.

அப்புறம் எங்கே இடிக்கிறது? நம்மிடம்தான். இந்தக் கருவிகள் வாசிப்பது எழுத்தை. நாம் தருவதோ படத்தை. கவிதையை அழகான பின்னணியில் ஒட்டி இன்ஸ்டாகிராமில் போடுகிறோம். புத்தக வெளியீட்டு அழைப்பிதழ் ஒரு போஸ்டர். அரிய நூல் என்று பகிரும் பிடிஎஃப், பக்கங்களைச் சும்மா போட்டோ எடுத்தது. பழைய கோப்புகள் யூனிகோடு அல்லாத பாமினியில். திறந்தால் சிலநேரம் மௌனம், சிலநேரம் உளறல்.

'இப்பதான் ஏஐ படத்தையே படிச்சிடுதே?' என்பீர்கள். படிக்கும், சில நேரம். எழுத்து மாறும், வரி உடையும். கவிதையில் அது கவிதையே மாறுவது. அதோடு, உங்கள் ஒரு நிமிடச் சோம்பலுக்கு அவர் ஏன் துப்பறிய வேண்டும்?

'நான் படிச்சுக் காட்டுறேனே' என்பது நல்ல மனசுதான். ஆனால் அப்போது எதை, எப்போது, எவ்வளவு என்பது உதவுகிறவரின் கையில். ராத்திரி ரெண்டு மணிக்கு, வீட்டில் யாருக்கும் தெரியாமல், கூச்சமூட்டும் ஒரு நாவலைப் படிக்கிற சுதந்திரம் உங்களுக்கு உண்டு. அவருக்கு வேண்டாமா? சுயசார்பு என்பது தனியாகத் தெருவைக் கடப்பது மட்டுமல்ல, தனியாக வாசிப்பதும்தான்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. பார்வையற்றோருக்காக நூல்களை மாற்றித்தர 2012-இன் பதிப்புரிமைத் திருத்தமே வழிவிட்டது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

திருச்சி புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே இன்று படிக்கும் ஒரு பெண் நாளைக்கு உங்கள் வாசகியாகலாம், உங்களைக் கிழிக்கும் விமர்சகராகவும் ஆகலாம். அவர் உங்கள் கவிதையை மோசம் என்று சொல்வதற்காவது, முதலில் அது அவர் காதில் விழ வேண்டும். படத்துக்குக் கீழே கவிதையைத் தட்டச்சு செய்யுங்கள். இது கருணை இல்லை, பதிப்பிக்கிறவரின் குறைந்தபட்ச வேலை.