நூறு டன் பிழை

2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் தேதி இரவு, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ340-500 விமானம், 3657 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை முழுவதும் ஓடியும் உயர மாட்டாமல், வாற்பகுதி தரையில் உராய ஓடுபாதையின் எல்லையைக் கடந்து, அப்பாலிருந்த விளக்கொன்றையும் ஆன்டெனாக் கருவியையும் இடித்துவிட்டு, அதன் பின்னரே ஆகாயத்தில் ஏறிற்று. கடைசி விநாடிகளில் தலைமை விமானி அபாயத்தை உணர்ந்து இயந்திரங்களின் முழு விசையையும் திறந்துவிட்டிராவிட்டால், அதிலிருந்த 275 பேரின் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது. கடல்மேல் சுற்றி எரிபொருளைக் கொட்டிவிட்டு விமானம் அதே நிலையத்துக்குத் திரும்பி வந்தது, ஒருவருக்கும் காயமில்லை.

இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை; வானிலையும் பகையாக இல்லை. புறப்படுவதற்குமுன் கணக்கிடும் மடிக்கணினியில், 362.9 டன் என்று பதிய வேண்டிய எடை 262.9 டன் என்று பதிந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. முதல் இலக்கம் ஒன்று குறைந்ததனால், விமானத்தின் எடையில் நூறு டன் கணக்கிலிருந்து மறைந்துபோயிற்று.

எடை என்ற அந்த ஒரே எண்ணிலிருந்துதான் மற்றவை யாவும் பிறக்கின்றன: எந்த வேகம் வரையில் புறப்பாட்டைக் கைவிட்டு ஓடுபாதைக்குள் நின்றுவிடலாம், எந்த வேகத்தில் விமானத்தின் மூக்கை உயர்த்த வேண்டும், இயந்திரங்கள் எவ்வளவு விசையைத் தர வேண்டும் என்பன எல்லாம். மெல்போர்னில் 161 நாட் வேகத்தில் உயர்த்த வேண்டிய மூக்கை 145 நாட் வேகத்திலேயே உயர்த்தும்படி கணினி கூறிற்று. அந்த வேகத்தில் இறக்கைகளுக்குப் போதிய தூக்கும் பலம் இல்லாமையால், மூக்கு எழ, வால் தரையில் மோதிற்று. இதனினும் கொடியது விசையைப் பற்றிய பிழை. காற்று உஷ்ணமானால் இயந்திரம் தரக்கூடிய விசை குறையும். ஆகவே பாரம் குறைவாகவும் பாதை நீளமாகவும் உள்ளபோது, வெளியே இருப்பதைவிட அதிக உஷ்ணம் இருப்பதாகப் பாவித்து, விசையைக் குறைத்து இயந்திரத்தின் ஆயுளைக் காப்பது விமானிகளின் அன்றாட வழக்கம். அன்றைய உண்மையான எடைக்கு அப்பாவனை உஷ்ணம் 43 டிகிரி. தவறான எடைக்குக் கணினி தந்ததோ 74 டிகிரி. பாரம் மிகுந்த விமானம் இவ்வாறு, வேண்டிய விசையும் இல்லாமல், வேண்டிய வேகமும் இல்லாமல் இருளில் ஓடிற்று.

பிழை நேர்ந்தவுடன் பிழை செய்தவனைத் தேடுவது உலக இயல்பு. மெல்போர்னில் விமானத்தை ஓட்டிய இரு விமானிகளும் தங்கள் உத்தியோகத்தை விட்டு நீங்கினார்கள். இது நியாயந்தானா என்று நான் மனப்பூர்வமாகக் கேட்கிறேன். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கையை வாசிப்பவர், முந்திய இரண்டு மாதங்களில் அவ்விமானிகள் ஓட்டிய விமானங்களின் புறப்பாட்டு எடை ஏறத்தாழ 150 டன்னிலிருந்து 370 டன் வரையில் மாறிமாறி இருந்ததென்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. பாரம் கூடினால் காளைகளின் இழுப்பிலேயே வண்டிக்காரன் அதை உணர்ந்துகொள்கிறான். பெரிய ஜெட் விமானத்தின் கைப்பிடியோ தன் பாரத்தைச் சொல்வதில்லை. 262.9 என்ற எண்ணும் அவர்கள் எத்தனையோ நாள் கண்டு பழகிய எடைகளை ஒத்ததே. அதைக் கண்டு திடுக்கிடுவதற்குரிய காரணம் எதுவும் அவர்கள் அனுபவத்தில் இல்லை. ஒருவர் கணக்கிட்டதை மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி இருக்கத்தான் இருந்தது. ஆனால் புறப்படும் நேரத்தின் அவசரத்தில், பேச்சுக்களும் குறுக்கீடுகளும் நிறைந்த அறையில், வந்த விடையைப் பார்த்து ஆமோதிப்பது நடந்துவிடுகிறது. கணக்கை மூலத்திலிருந்து மறுபடி போட்டுப் பார்ப்பது தவறிப்போகிறது.

மெல்போர்னில் உயிர்கள் தப்பின; அதற்கு முன்னரே கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நேர்ந்த இத்தகைய பிழையில் தப்பவில்லை. 2004 அக்டோபர் 14ஆம் தேதி விடியுமுன், ஸ்பெயினின் ஸரகோஸாவுக்குச் சரக்கேற்றிப் புறப்பட்ட எம்.கே. ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம், ஓடுபாதையின் முடிவுக்கு அப்பாலிருந்த மண்மேட்டில் மோதி, வாற்பகுதி அறுந்து, சிறிது தூரத்தில் விழுந்து எரிந்தது. உள்ளிருந்த ஏழு பேரும் மாண்டார்கள். அதன் எடை 353 டன். கணக்கிடப் பயன்பட்டதோ, அதற்கு முன் அமெரிக்காவின் பிராட்லி நிலையத்திலிருந்து கிளம்பியபோது இருந்த 240 டன். பெரும்பாலும் பழைய எடை கணினியிலேயே தங்கி, புதிய பயணத்துக்கும் அதுவே எடையாகிவிட்டது என்று கனடா நாட்டு விசாரணையாளர்கள் முடிவு கண்டார்கள். நெடுநேரப் பணியால் வந்த களைப்பையும் அவர்கள் காரணங்களில் சேர்த்தார்கள். தூக்கமற்ற கண்ணுக்கு முன் ஒரு பழைய எண் நிற்கும்போது அது பழையதென்று யார் எச்சரிப்பது?

இதற்கும் முந்திய ஆண்டில், ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 747 விமானம் 347 டன்னுக்குப் பதில் 247 டன் என்ற கணக்கோடு புறப்பட்டு வாலை இடித்துக்கொண்டது. அதுவும் ஓர் இலக்கம். அதுவும் நூறு டன். வெவ்வேறு நிறுவனங்களில், வெவ்வேறு தேசங்களில், நன்கு பயின்ற மனிதர்களிடமே இது திரும்பத் திரும்ப நிகழுமானால், மனிதரை மாற்றுவதால் பிழை மாறிவிடும் என்று நம்புவது வீண் என்றே தோன்றுகிறது.

இத்தனைக்கும் பரிகாரம் எட்டாத தூரத்தில் இல்லை. உள்ளிட்ட எடை பொய்யானாலும், ஓடுபாதையில் விமானம் வேகம் கூடும் விதம் பொய் சொல்லாது; அதை அளந்து, எதிர்பார்த்த அளவுக்குக் குறைந்தால் தொடக்கத்திலேயே, நிற்க இடமிருக்கும்போதே, எச்சரிக்கும் கருவி வேண்டும் என்று ஹாலிஃபாக்ஸ் விசாரணையை முடித்த கனடா வாரியம் 2006இலேயே பரிந்துரைத்தது. ஏர்பஸ் நிறுவனம் தன் ஏ380, ஏ350 ரகங்களுக்கு அத்தகைய கண்காணிப்பை ஆக்கியளித்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இன்று உலகமெங்கும் பிரயாணிகளைச் சுமந்து கிளம்பும் விமானங்களில் மிகப் பெரும்பாலானவை வேறு ரகத்தவை. அவற்றில் இது இல்லை. அவற்றிலும் இதை அமைக்க வேண்டுமென்று சட்டம் செய்யும் அதிகாரம் படைத்தவர்கள், அடுத்த விசாரணை அறிக்கைக்காகக் காத்திராமல், கையிலிருக்கும் அறிக்கைகளைக் கொண்டே அதைச் செய்ய வேண்டும்.