கூடத்து மேஜையில் ஒரு கார் பட்டறை

“என் மூத்த மகன் பத்தாவது படிக்கிறான். சமத்துதான். ஆனால் ஆறு மாதமாக பிளாஸ்டிக் கார் பெட்டிகளை வாங்கி ஒட்டிக் கொண்டே இருக்கிறான். பெட்டியில் போட்டிருக்கிற மாதிரி ஒட்டினாலும் பரவாயில்லை. நல்ல காரின் கூரையை ரம்பத்தால் அறுக்கிறான். கேட்டால் ‘நானே டிசைன் பண்றேம்மா’ என்கிறான். வீடு முழுக்கப் பசை நாற்றம். கைக்குழந்தை வேறு இருக்கிறது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டு விடலாமா?” என்று ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் சகோதரி, போட்டு விடாதீர்கள்! எங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து எட்டு வருஷமாக நடக்கிறது. என் பிள்ளை இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கூடத்து மேஜையில் பாதி அவனுடையது, மீதிப் பாதியில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். ஆனால் பசை நாற்றம் என்று எழுதினீர்களே, அது அலட்சியப்படுத்துகிற விஷயம் இல்லை. கைக்குழந்தை இருக்கிற வீடு என்பதால் அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

இந்தக் கார்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. நாம் கவரை ஒட்டுகிற கோந்து போல இந்தப் பசை மேலே உட்கார்ந்து பிடித்துக் கொள்வதில்லை. இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் கரைத்து ஒன்றாக்கி விடுகிறது. அப்படிக் கரைப்பதற்கு அதில் கரைப்பான் இருக்க வேண்டும். டொலுவீன் மாதிரியான அந்தச் சரக்கின் ஆவிதான் மூக்கில் ஏறுகிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் எல்லாம் வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, காற்று வெளியே போகிற மாதிரி உட்கார்ந்து செய்ய வேண்டும். இது எளிதில் தீப்பிடிக்கிற பொருள் என்பதையும் மறக்காதீர்கள். பூஜை விளக்கு, கொசுவர்த்தி, கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. குழந்தை தூங்குகிற அறையிலோ, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற அறையிலோ இந்த வேலை கூடவே கூடாது. ஆரஞ்சு வாசனையோடு லிமோனீன் கலந்த பசையும் இப்போது கிடைக்கிறது. நெடி குறைவு. ஆனாலும் ஜன்னல் திறந்துதான் இருக்க வேண்டும். பெயின்ட்டில் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வகையை வாங்கித் தாருங்கள்.

அமெரிக்காவில் 1960களில் இந்தப் பசையை வேண்டுமென்றே முகர்ந்து பார்த்துப் போதை ஏற்றிக் கொள்கிற பழக்கம் பிள்ளைகளிடையே பெரிய தலைவலியாகி விட்டது. அதற்கு ஒரு பசைக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பசையில் கடுகின் காரச் சத்தைக் கலந்தது! பழைய சமையல் புத்தகங்களைப் புரட்டிய எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள், கடுகு நெடி மூக்கைப் பிய்க்கும் என்று. முகர்ந்தவன் கண்ணில் தண்ணீர் விட்டுக் கொண்டு ஓடினான்.

சரி, இனி அந்த அறுக்கிற விஷயத்துக்கு வருவோம். உங்கள் பிள்ளை காரைக் கெடுக்கிறான் என்று நினைக்கிறீர்கள். அவன் செய்வது அந்தப் பெட்டிகள் பிறந்த நாளிலிருந்தே இருக்கிற வழக்கம்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனிகள் புது மாடலைக் காட்டுவதற்காகச் சின்னக் கார்களைக் கடைகளுக்குக் கொடுத்து வந்தன. அதைச் செய்து கொடுத்தவற்றில் ஏ.எம்.டி. என்பது ஒரு கம்பெனி. 1958-ல் அவர்கள் அந்தச் சின்னக் காரையே துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு, ‘ஒன்றில் மூன்று’ என்று விற்றார்கள். கடையில் வருகிற மாதிரியே ஒட்டலாம், பந்தயக் காராக ஒட்டலாம், இல்லையென்றால் உங்கள் இஷ்டப்படி அலங்காரக் காராக ஒட்டலாம். மூன்றுக்கும் வேண்டிய உபரித் துண்டுகள் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஒரே புடவையை ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற சாமர்த்தியம்தான்! மூன்றில் ஒன்றைத்தானே ஒட்ட முடியும்? மிச்சமான துண்டுகளைப் பிள்ளைகள் சேர்த்து வைத்து அடுத்த காரில் பொருத்தினார்கள். இன்றைக்கும் உபரித் துண்டு டப்பா இல்லாத பிள்ளை இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது.

அந்தக் கார்கள் 25-ல் ஒரு பங்கு அளவு. பதினைந்து அடிக் கார் என்றால் 180 அங்குலம். 25-ஆல் வகுத்தால் 7.2 அங்குலம். இதுவரை கணக்கு சுலபம். ஆனால் எல்லாவற்றையும் அப்படியே வகுக்க முடியாது. நிஜக் காரின் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக் கொண்டால், சின்னக் காரில் அது 0.04 மில்லிமீட்டர் ஆக வேண்டும். பிளாஸ்டிக்கில் அப்படிச் செய்தால் கை பட்டதும் கிழியும். அதனால் தடிமனாகத்தான் வார்க்க வேண்டும். ஆனால் ஜன்னல் ஓரத்தில் அந்தத் தடிமன் கண்ணில் படாமல் சாய்வாக இழைத்து ஏமாற்ற வேண்டும். எங்கே கணக்குப்படி நடப்பது, எங்கே கண்ணை ஏமாற்றுவது என்று தீர்மானிப்பதுதான் டிசைன் செய்கிறவரின் வேலை.

அச்சு விஷயம் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இட்லித் தட்டின் குழி ஏன் நேர்ச்சுவராக இல்லாமல் சரிந்திருக்கிறது? அப்போதுதான் இட்லி பிய்யாமல் வெளியே வரும். சின்னக் காரின் ஒவ்வொரு துண்டுக்கும் அந்தச் சரிவு வைத்தாக வேண்டும். காரின் உடல் பக்கவாட்டிலும் வளைந்து, கதவுக் கோடு, கைப்பிடி எல்லாம் புடைத்து நிற்பதால் இரண்டு பாதி அச்சில் வராது. மோதகம் செய்கிற பிளாஸ்டிக் அச்சைப் பார்த்திருப்பீர்களே, பக்கவாட்டில் பிரிந்து விலகுமே, அந்த மாதிரி நான்கு பக்கமும் விலகுகிற எஃகு அச்சு வேண்டும். முன்காலத்தில் முதலில் மரத்தில் பெரிதாக ஒரு மாதிரி செதுக்கி, அதை ஒரு கருவியின் முனையால் தடவ, மறுமுனை அதே வடிவத்தைச் சின்னதாக எஃகில் கடையும். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து விடுகிறார்கள்.

இதில் ஒரு வருத்தமான சங்கதி. கார் கம்பெனி வருஷா வருஷம் முகப்பையும் பின்பக்கத்தையும் மாற்றும். அச்சும் மாற வேண்டும். புது அச்சு செய்தால் கட்டுப்படியாகாது என்று பழைய அச்சையே வெட்டி ஒட்டி அடுத்த வருஷக் காருக்குத் தயார் செய்து விடுவார்கள். போன வருஷக் கார் போனது போனதுதான்! அதனால்தான் சில பழைய பெட்டிகளை மறுபடி வெளியிட வழியே இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள்தான். வீட்டிலேயே சிலிக்கான் அச்சு எடுத்து, ரெசினை ஊற்றி, காணாமல் போன உடலை வார்த்துக் கொள்கிறார்கள்.

டாம் டேனியல் என்ற ஓவியரின் கதை எனக்குப் பிடிக்கும். மோனோகிராம் என்ற கம்பெனிக்காக வேடிக்கை வேடிக்கையான கார்களை வரைந்து கொடுத்தவர். 1968-ல் வந்த அவருடைய ‘ரெட் பாரன்’ காருக்குக் கூரை என்ன தெரியுமா? ஜெர்மன் சிப்பாயின் இரும்புத் தொப்பி! அப்படி ஒரு கார் உலகத்தில் எங்கேயும் கிடையாது. கடையில் பெட்டி விற்கத் தொடங்கிய பிறகுதான் சக் மில்லர் என்பவர் அதைப் பார்த்து ஓட்டக் கூடிய நிஜக் காராகச் செய்தார். குட்டி பிறந்து, அதைப் பார்த்து யானை பிறந்த கதை! எட் ராத் என்பவர் விஷயம் நேர் எதிர். கலிபோர்னியாவில் தன் கையாலேயே விசித்திரக் கார்கள் செய்தவர். கண்ணாடிக் குமிழ்தான் கூரை, ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதில் ஒரு குச்சி. அதைப் பார்த்து ரெவெல் கம்பெனி பெட்டி போட்டது. பெட்டிக்கு ஒரு சென்ட் அவருக்கு. ஒரு சென்ட்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள், விற்ற பெட்டிகள் கொஞ்சமா!

ஜப்பான்காரர்கள் வழி தனி. ஷிசுவோகாவில் உள்ள தமியா கம்பெனி போர்ஷே கார் ஒன்றைச் செய்ய நினைத்தது. போட்டோ எடுத்து வந்து பார்த்தார்கள், போதவில்லை. நிஜப் போர்ஷே ஒன்றையே விலைக்கு வாங்கித் திருகு திருகாகக் கழற்றி அளந்தார்கள். 1976-ல் 12-ல் ஒரு பங்கு அளவில் அந்தப் பெட்டி வந்தது. என் வீட்டுக்காரர் இதைக் கேட்டு, “காரை வாங்கிக் கழற்றினானா? கொடுத்து வைத்தவன்” என்றார்.

இப்போது உங்கள் பிள்ளையின் ரம்பம். அவன் செய்வதற்குக் கூரை இறக்குதல் என்று பெயர். ஜன்னல் உயரத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டுக் கூரையைக் கீழே இறக்கினால் கார் பதுங்கிப் பாயப் போகிற மாதிரி இருக்கும். கேட்பதற்கு என்னவோ சுலபம். ரவிக்கைக் கை நீளமாக இருக்கிறதென்று நடுவில் வெட்டி எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்துத் தைத்துப் பாருங்கள். மேல் துண்டின் சுற்றளவும் கீழ்த் துண்டின் சுற்றளவும் சேராது, கை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால். காரின் ஜன்னல் தூண்களும் அப்படித்தான் சாய்ந்து நிற்கின்றன. நடுவில் வெட்டினால் மேல் பாதி குறுகல், கீழ் பாதி அகலம். ஒன்று, தூண்களை இன்னும் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூரையைக் குறுக்கேயும் நெடுக்கேயும் வெட்டிப் பிளாஸ்டிக் பட்டை கொடுத்து அகலப்படுத்த வேண்டும். முன்கண்ணாடியும் சேராது, புதிதாக வெட்ட வேண்டும். பிறகு மக்கு பூசி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசி... என் பிள்ளை முதல் கூரைக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க எடுத்துக் கொண்டான்.

அதனால் அறுப்பதற்கு முன்னால் காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். கிராப் தாளில் பக்கத் தோற்றம், முன் தோற்றம், மேல் தோற்றம் மூன்றும். பக்கத்தில் ஒரு கோட்டை மாற்றினால் முன் தோற்றத்தில் எங்கே இடிக்கும் என்று அப்போதே தெரிந்து விடும். ஒரு பக்கத்தை மட்டும் வரைந்து, தாளை மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்று போல வரும், கோலத்துக்கு மையப்புள்ளி வைப்பது போல. பிறகு அட்டையில் செய்து பார்க்கலாம். அட்டைக்குக் காசில்லை. தேய்க்கும்போது தண்ணீர் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும். தூள் பறந்து நெஞ்சுக்குள் போகாது.

இது உருப்படுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1930 முதல் 1968 வரை ‘ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்டு’ என்று ஒரு போட்டி நடத்தியது. முதல் சில வருஷங்களுக்குப் பிறகு, பையன்கள் தாங்களே கற்பனை செய்த காரைச் சின்னதாகச் செய்து அனுப்பலாம் என்று ஆனது. ஜெயித்தால் கல்லூரிப் படிப்புக்குப் பணம். 1947-ல் அதில் ஜெயித்த சக் ஜோர்டன் என்ற பையன் பிறகு அந்தக் கம்பெனியிலேயே சேர்ந்து, 1986-ல் டிசைன் பிரிவுக்கே தலைவரானார். அந்தப் போட்டியில் பெண் பிள்ளைகளுக்கு இடம் இல்லை! எங்கள் எதிர் வீட்டுப் பெண் என் பிள்ளையிடம் வந்து உட்கார்ந்து ஒட்டப் பழகி, இப்போது அவனைவிடச் சுத்தமாக ஒட்டுகிறாள். உங்கள் வீட்டில் பெண் இருந்தால் அவளுக்கும் ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள்.

இப்போதெல்லாம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் வரைந்து முப்பரிமாண பிரிண்டரில் சக்கரம், முகப்பு எல்லாம் அச்சடிக்கிறார்கள். திரவ ரெசின் வகை பிரிண்டர் என்றால் கவனம் வேண்டும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் அரிப்பு, கொப்புளம் வரும். ஒருமுறை ஒத்துக் கொள்ளாமல் போனால் பிறகு ஒரு துளி பட்டாலும் ஆகாது. நைட்ரைல் கையுறை போட வேண்டும். சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. கழுவிய கிண்ணம் மறுபடி சமையலுக்கு வரக் கூடாது. மிச்சம் மீதியை வெயிலில் வைத்து இறுக விட்ட பிறகே குப்பையில் போட வேண்டும்.

சூப்பர் பசை விரலில் ஒட்டினால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். கத்திக்கு மூடி இருக்கட்டும்.

கைக்குழந்தை தவழ ஆரம்பித்தால் இன்னொரு கவலை. கண்ணாடி, விளக்கு, கைப்பிடி என்று எல்லாம் கடலைப் பருப்பு அளவுதான். கீழே விழுந்தால் நேரே குழந்தையின் வாய்க்குப் போகும். ஓரம் உயர்ந்த ஒரு தாம்பாளத்துக்குள் வைத்தே வேலை செய்யச் சொல்லுங்கள். துண்டுகளுக்கு நான் என் பழைய அஞ்சறைப் பெட்டியைக் கொடுத்து விட்டேன். கடுகு இருந்த இடத்தில் சக்கர மூடிகள், மிளகு இருந்த இடத்தில் விளக்குகள். மூடி இறுக்கமாக இருப்பதால் கவிழ்த்தாலும் சிந்தாது. எட்டாத உயரத்தில் வைத்து விட்டால் தவழ்கிற குழந்தைக்கும் பயமில்லை.