குடைப் பாவாடையும் துணிக் கணக்கும்

‘மேட் மென்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பெற்றி டிரேப்பர் உடுத்துவது போன்ற அகன்ற பாவாடை ஒன்று தைப்பதற்கு எவ்வளவு துணி வேண்டும் என்று நேயர் ஒருவர் கேட்டெழுதியிருக்கிறார். 2007 முதல் 2015 வரை ஒளிபரப்பான அத்தொடரின் கதை, 1960ஆம் ஆண்டு நியூயோர்க்கில் தொடங்குவது. காரியாலயத்து ஜோன் உடலோடு ஒட்டிய குறுகிய பாவாடை அணிவாள். இல்லத்தரசி பெற்றிக்கோ இடுப்பிலிருந்து குடையாய் விரியும் உடை. வீட்டில் தைக்கப் புகும் சகோதரிகளுக்குப் பின்னதே உகந்தது. குறுகிய பாவாடை அரை அங்குலம் பிசகினாலும் காட்டிக் கொடுத்துவிடும். அகன்றதில் இடுப்பு மட்டும் சரியாக அமைந்தாற் போதும்.

1947இல் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் காட்டிய உடைகளோடு இவ்விரிந்த பாணி புகழ்பெற்றது. அவ்வேளை இங்கிலாந்தில் உடைப் பங்கீடு நீங்கியிருக்கவில்லை. ஒரு பாவாடைக்கு இத்தனை துணியா என்று சினந்தவர் பலர். அச்சினம் நியாயமற்றதன்று.

28 அங்குல இடுப்பும் 26 அங்குல நீளமும் என்று கொள்வோம். துணியின் அகலம் 45 அங்குலம். முழுவட்டப் பாவாடைக்கு மூன்றரை யாருக்குச் சற்று மேல் வேண்டும். அதன் கீழ்விளிம்பு ஐந்து யாரைத் தாண்டும். அரைவட்டத்துக்கோ 2 யாரும் ஒரு சாணும் தாராளம். விளிம்பும் மூன்று யார்தான். பஸ்ஸில் ஏறி இறங்குவோர் அரைவட்டத்தையே தேர்க.

துணியை முன்னரே நனைத்து உலர்த்துங்கள். இடுப்பளவோடு தையலுக்கென 1 அங்குலம் கூட்டி 3.14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9¼ வரும். துணிக்கரையின் நடுவில் அளவு நாடாவின் நுனியைப் பிடித்து, 9¼ அங்குலத்தில் ஒரு வளைவும் 36¼ அங்குலத்தில் மற்றொன்றும் சோக்கினால் வரைக. மேல் வளைவை வெட்டும்போது மாத்திரம் அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்டுதல் வேண்டும். கரையே பின்புறத் தையலாக வருவதால் அங்கே நூல் பிரியாது. எஞ்சும் நீளத் துண்டு இடுப்புப் பட்டிக்கு ஆகும். நிமிர்ந்து நிற்கும் பூக்கள் அச்சிட்ட துணியைத் தவிர்க்க. சில இடங்களில் அவை படுத்துவிடும்.

வெட்டியவுடன் இடுப்பு வளைவின் ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். இல்லையேல் இழுபட்டுப் பெருத்துவிடும். சிப்பும் பட்டியும் வைத்தபின் விளிம்பை மடிக்க அவசரம் வேண்டாம். பாவாடையை ஒருநாள் முழுதும் தொங்கவிடுங்கள். இழை கோணலாக விழும் பகுதிகள் தம் பாரத்தால் நீளும். நேராக விழும் பகுதிகள் நீளா. மறுநாள் உடுத்திக்கொண்டு, நிலத்திலிருந்து சுற்றிலும் ஒரே உயரத்தில் வேறொருவரைக் கொண்டு குண்டூசி குத்துவித்து, அதன்பின் மடியுங்கள். கடையில் வாங்கும் மலிவுப் பாவாடைகள் சில மாதங்களில் கோணுவதற்கு இப்பொறுமையின்மையே பெரும்பாலும் காரணம்.

திரையிற் காணும் விரிவு பாவாடையினால் மட்டும் வந்ததன்று. தொடரின் உடையமைப்பாளர் ஜேனி பிரையன்ற், நடிகையருக்கு அக்காலத்து உள்ளுடைகளையே அணிவித்தார். நைலோன் வலைத்துணி உட்பாவாடை வெயிலில் உடலை அரிக்கும். கஞ்சியிட்ட பருத்தி உட்பாவாடை ஒன்று அரைவட்டத்தைத் தாங்கப் போதுமானது.