வானத்துத் தூரமும் தரைத் தூரமும்

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழியில் சுமார் 125 கிலோமீட்டர்தான்; அரை மணி நேரப் பறப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கிறது குமரி மாவட்டத்தில் உள்ள நம் மணவாளக்குறிச்சி. ஆனாலும் நம் பயண நேரத்தை முடிவுசெய்வது விமானமல்ல, சாலைதான். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குப் பறக்க ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அந்த விமானத்தைப் பிடிக்க 65 கிலோமீட்டர் காரில் போக அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளை வண்டிமேல் ஏற்றி வளைகுடாவுக்குப் புறப்படும் குடும்பங்கள், மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலுக்குப் பயந்து பல மணி நேரம் முன்கூட்டியே கிளம்புகின்றன. நம் மாவட்டத்திலேயே சாமித்தோப்புப் பக்கம் விமான நிலையம் வந்தால் இது தீராதா என்று கேட்பார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் ஓடுபாதை போட்டால் மட்டும் விமானம் வந்துவிடாது. சேலத்தில் நிலையம் இருந்தும் 2021-இல் நின்ற சேவை 2023 அக்டோபரில்தான் திரும்பியது. அப்படியொரு நிலையத்துக்காக நாஞ்சில் நாட்டின் எஞ்சிய வயலையும் குளத்தையும் கொடுப்பது பெரிய விலை. சாலையைப் பார்த்தால், கழக்கூட்டத்திலிருந்து எல்லையிலுள்ள காரோடு வரை கேரளப் பக்கத்தில் நான்குவழிச் சாலை முடிந்துவிட்டது. நம் பக்கத்துப் பணிதான் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகள் முதலில் அந்தச் சாலையை முடித்துத் தரட்டும்.