நிறமற்ற கழிவு

திருப்பூர்ச் சாயக்கழிவு என்றதும் நிறத்தையே நாம் பழிக்கிறோம். நொய்யலைக் கெடுத்ததில் நிறமற்ற உப்பின் பங்கே பெரிது என்பது என் கருத்து.

நீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின் தன்மை கொள்ளும், சாயமும் அத்தன்மையதே. ஒன்றையொன்று விலக்கும் இவ்விரண்டையும் நெருங்கச் செய்வது சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையலறை உப்பு. அல்லது சோடியம் சல்பேட். சாயம் பற்றியபின் உப்பு துணியில் தங்குவதில்லை. ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. சாயத்தை வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். கரைந்த உப்பு அவ்வாறு பிடிபடுவதில்லை. தெளிந்த நீர் என்று கண் கூறும், நாக்கு மறுக்கும். உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது தவிக்கும்.

பாசனத்திற்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் இக்கழிவுநீரே தேங்கியது. நீர் திறக்கக் கோருவது உழவர் வழக்கம். இங்கோ திறக்க வேண்டா என்றனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. எதிர் சவ்வூடு பரவலாலும் ஆவியாக்கலாலும் நீரையும் உப்பையும் மீட்கும் ஆலைகளே பின்னர் இயங்க இசைவு பெற்றன. இதனால் பனியனின் அடக்கவிலை கூடுகிறது. அச்செலவைச் சாய ஆலை மட்டுமே சுமப்பது முறையன்று. விலையைக் குறைத்துக் கேட்கும் அயல்நாட்டு வணிக நிறுவனங்களும் ஏற்க வேண்டும். இதுகாறும் அதனைச் செலுத்தியோர் நொய்யலின் கடைமடை உழவரும், ஆலைகள் மூடியபோது வேலையிழந்த தொழிலாளருமே.